ஒரு வரி மாற்றத்துக்கு முழுத் தோட்டத்தையும் நட வேண்டாம்: கிளவுட் டெம்ப்ளேட்டைத் துண்டாக ஏற்றிச் சோதிப்பது

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு ஐந்தாறு பிள்ளைகள் மடிக்கணினியோடு கோவில் மண்டபத்துக்கு வருவார்கள். சிலர் டிப்ளோமா படிக்கிறார்கள், சிலர் வேலை தேடுகிறார்கள். நான் வீட்டிலிருந்தே கிளவுட் வேலை செய்பவன். எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு ஞாயிறு, அவர்களில் ஒரு பெண்பிள்ளை தூக்கமில்லாத கண்ணோடு வந்தாள். அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். சிறு தோட்டக்காரர்கள் தங்கள் குலை எடையைக் கைப்பேசியிலேயே பதிந்துவைக்க ஒரு செயலி, அதுதான் அவளுடைய இறுதியாண்டு வேலை. "அண்ணே, ஒரு கோப்புப் பெயரில் ஓர் எழுத்து தப்பு. ராத்திரி முழுக்க அதிலேயே போயிருச்சு" என்றாள். தப்பைத் திருத்த அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திருத்தியது சரிதானா என்று கிளவுடில் ஏற்றிப் பார்க்கத்தான் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். செயலிக்குக் கிளவுடில் என்னென்ன வேண்டும் என்று எழுதிய கோப்புக்கு டெம்ப்ளேட் என்று பெயர், அதை ஏற்றும்போது வரும் காத்திருப்பு இது.

இதற்கு வழி கேட்டால் பொதுவாக இரண்டு பதில் வரும். "டெம்ப்ளேட் என்றால் முழுசாகத்தான் ஏற்றணும், காத்திருக்கத்தான் வேண்டும்" என்பது ஒன்று. "வேண்டிய வரிகளை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டிப் பார்" என்பது இன்னொன்று. இரண்டும் பிள்ளைகளைக் கஷ்டப்படுத்துகிற பதில்கள். துண்டாக ஏற்றலாம், ஆனால் நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

டெம்ப்ளேட்டும் ஸ்டேக்கும்

கிளவுட் என்றால், வேறொருவருடைய கட்டடத்தில் இருக்கும் கணினிகளையும் சேமிப்பிடத்தையும் நெட்வொர்க்கையும் நேரக் கணக்கில் வாடகைக்கு எடுப்பது. ஏடபிள்யூஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் அமேசானின் கிளவுட் சேவை 2010இலிருந்து சிங்கப்பூரில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மையங்களைத் திறந்தது.

இந்த வாடகைப் பொருள்களை இணையப் பக்கத்தில் பொத்தான் பொத்தானாக அழுத்தியும் எடுக்கலாம். ஆனால் நேற்று எதை அழுத்தினோம் என்று நாளைக்கு நினைவிருக்காது. அதனால் வேண்டியவற்றை ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. அந்தக் கோப்புதான் டெம்ப்ளேட். தோட்டத்துக் கணக்கரான கிராணி ஸ்டோருக்கு எழுதி அனுப்பும் சீட்டு மாதிரி: இத்தனை மூட்டை உரம், இத்தனை மண்வெட்டி என்று இருக்கும், எந்த வழியாக எப்படித் தூக்கி வரவேண்டும் என்று இருக்காது. எப்படி என்பதைக் கருவி பார்த்துக்கொள்ளும். ஏடபிள்யூஎஸ்ஸின் கிளவுட்ஃபார்மேஷன் 2011இல் வந்தது. பல நிறுவனங்களின் கிளவுடுகளுக்கும் பொதுவாக உள்ள டெராஃபார்ம் 2014இல் வந்தது.

சீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ரிசோர்ஸ் என்று பெயர். ஒரு டேட்டாபேஸ் ஒரு ரிசோர்ஸ், ஒரு சேமிப்பிடம் இன்னொன்று. டெம்ப்ளேட்டைக் கருவியிடம் கொடுத்து அதிலுள்ளதை உண்மையிலேயே எழுப்பச் சொல்வதுதான் ஏற்றுவது. அப்படி எழுந்து நிற்கும் தொகுதி, கிளவுட்ஃபார்மேஷனில், ஸ்டேக்.

டெம்ப்ளேட் வரைபடம், ஸ்டேக் வீடு. ஒரே வரைபடத்தை வைத்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எத்தனை வீடும் கட்டலாம். பின்னால் வரும் எல்லாமே இதை வைத்துத்தான், அதனால் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

அரை மணி நேரம் எங்கே போகிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுகிறேன். டெம்ப்ளேட்டில் ஒரு வரியை மாற்றி ஏற்றினால் எல்லாமே இடித்துத் திரும்பக் கட்டப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டேக் ஏற்கெனவே நன்றாக நின்றுகொண்டிருந்தால், எது மாறியதோ அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும்தான் கருவி தொடும்.

பிறகு எங்கே நேரம் போகிறது? முதல் தடவை எழுப்பும்போதும், பாதியில் தோற்றுப்போகும்போதும்.

எல்லா ரிசோர்ஸுக்கும் ஒரே வேகம் கிடையாது. சேமிப்பிடம் சில விநாடிகளில் வந்துவிடும். உள்நெட்வொர்க்கிலிருந்து வெளியே போக வழிவிடும் நாட் கேட்வே இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். டேட்டாபேஸுக்குப் பத்து நிமிடம் போவது சாதாரணம். இதற்கு மேல் வரிசை வேறு. சுவர் எழாமல் கூரை போட முடியாது அல்லவா? டேட்டாபேஸுக்கு நெட்வொர்க் வேண்டும். செயலியின் நிரலுக்கு டேட்டாபேஸின் முகவரி வேண்டும். இப்படி ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருப்பதுதான் சார்பு. சார்பில்லாதவற்றைக் கருவி ஒரே நேரத்தில் எழுப்பும், சார்புள்ளவை வரிசையில் நிற்கும்.

இப்போது அந்தப் பிள்ளையின் கதையைப் பாருங்கள். அவள் டெம்ப்ளேட்டில் நெட்வொர்க், டேட்டாபேஸ், எடையைப் பதியும் சிறு நிரல் மூன்றும் ஒரே கோப்பில் இருந்தன. நிரலின் ஜிப் கோப்புக்கு அவள் கொடுத்த பெயரில் ஓர் எழுத்து தப்பு. ஆனால் நிரலுக்கு டேட்டாபேஸ் முகவரி வேண்டும் என்பதால் அதன் முறை கடைசியில்தான் வரும். நெட்வொர்க் எழுந்தது, டேட்டாபேஸ் எழுந்தது, அதற்குப் பிறகுதான் "இந்தப் பெயரில் கோப்பு இல்லை" என்ற செய்தி.

அதோடு முடியவில்லை. கிளவுட்ஃபார்மேஷன், வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஒன்று தோற்றால் அதுவரை எழுப்பியதையும் கலைத்துவிடும். இதற்கு ரோல்பேக் என்று பெயர். பத்து நிமிடம் எடுத்து எழுந்த டேட்டாபேஸைக் கலைக்கவும் பல நிமிடம் போகும். முதல் தடவையே இப்படித் தோற்ற ஸ்டேக்கைத் திருத்திப் புதுப்பிக்கவும் முடியாது, அதை அழித்துவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும். 2021இல், தோற்றாலும் நன்றாக எழுந்தவற்றை அப்படியே விட்டுவைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். நல்ல வசதி, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த முதல் டேட்டாபேஸுக்காகக் காத்திருப்பதை அது குறைக்காது.

சுருக்கமாக: தப்பு இருந்தது சில விநாடியில் எழும் பொருளில். காத்திருந்தது மெதுவாக எழும் பொருளுக்காக. இந்த இரண்டையும் பிரித்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

நர்சரியில் பார்ப்பது

மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. அதனால் செம்பனை எங்களுக்கு வீட்டு விஷயம். முளைத்த விதையை யாரும் நேராகக் காட்டில் கொண்டுபோய் நடுவதில்லை. முதல் மூன்று மாதம் போலச் சின்னப் பிளாஸ்டிக் பையில் வைப்பார்கள். அப்புறம் பெரிய பைக்கு மாற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் நர்சரியில் வளர்ந்த பிறகுதான் கன்று தோட்டத்துக்குப் போகும். இலை சுருண்டது, வளர்ச்சி குன்றியது, எல்லாவற்றையும் அங்கேயே கழித்துவிடுவார்கள். நட்ட பிறகு முதல் குலைக்கு இரண்டரை மூன்று வருடம் ஆகும். கெட்ட கன்று என்பது அப்போது தெரிந்தால் போன வருடங்கள் திரும்ப வராது.

ஒன்றைக் கவனியுங்கள். நர்சரியில் இருப்பது பொம்மைக் கன்று இல்லை, உண்மையான கன்று. டெம்ப்ளேட்டைத் துண்டாக ஏற்றுவதும் அப்படித்தான். கிளவுடில் உண்மையான ரிசோர்ஸ்கள் எழுகின்றன, உண்மையான தவறுகள் தெரிகின்றன. அளவு மட்டும்தான் சிறிது.

ஆனால் இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் நின்றுவிடும். ஒரு கன்றுக்குப் பக்கத்துக் கன்று வேண்டியதில்லை. கிளவுட் ரிசோர்ஸ்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பவை. அதற்கு வேறு ஒப்பீடு வேண்டும்.

எங்கே வெட்டுவது

லயத்துக்குத் தண்ணீர் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். மேட்டில் பெரிய தொட்டி, அதிலிருந்து ஒரு பெரிய குழாய், ஒவ்வொரு லயத்துக்கும் அதிலிருந்து பிரியும் சின்னக் குழாய். பிரியும் இடத்தில் வால்வு இருந்தால், ஒரு லயத்துக் குழாய் உடைந்தால் அதை மட்டும் மூடிப் பழுது பார்க்கலாம். இல்லாவிட்டால் எல்லா லயத்துக்கும் தண்ணீர் நிற்கும்.

புதிதாகப் போட்ட குழாயில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய தொட்டியே வேண்டும் என்பதில்லை. வால்வு இருக்கும் இடத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, பீப்பாயிலிருந்து தண்ணீர் விட்டால் போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அந்தக் குழாய்க்குத் தெரியத் தேவையில்லை. வாயின் அளவு பொருந்தினால் சரி.

டெம்ப்ளேட்டில் அந்த வாய்க்குப் பெயர் பாராமீட்டர்: வெளியிலிருந்து கொடுக்கப்படும் ஒரு மதிப்புக்காக விட்டுவைத்த இடம். மறுமுனையில் தண்ணீர் வெளியேறும் வாய் அவுட்புட்: ஸ்டேக் எழுந்த பிறகு மற்றவர்களுக்காக அது வெளியே சொல்லும் மதிப்பு. நெட்வொர்க் ஸ்டேக் தன் அடையாள எண்ணை அவுட்புட்டாகச் சொல்லும். நிரல் ஸ்டேக் அதைப் பாராமீட்டராக வாங்கிக்கொள்ளும்.

வரிகளை வெட்டி ஒட்டுவது ஏன் தோற்கிறது என்பதும் இப்போது புரியும். நிரலைப் பற்றிய பத்து வரிகளை மட்டும் எடுத்தால், அதற்குள் "அந்த டேட்டாபேஸின் முகவரி" என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த டேட்டாபேஸ் இந்தத் துண்டில் இல்லை. அப்படி ஒன்று இல்லையே என்று சொல்லிக் கருவி உடனே திருப்பி அனுப்பிவிடும். அந்தக் குறிப்பு இருந்த இடத்தில் பாராமீட்டரை வைத்தால் துண்டு தனியாக நிற்கும்.

நாங்கள் மண்டபத்தில் செய்தது இவ்வளவுதான். டெம்ப்ளேட்டை அச்செடுத்துத் தரையில் பரப்பினோம். எந்த ரிசோர்ஸ் எதன் பெயரைச் சொல்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டோம். நெட்வொர்க்குக்குள்ளேயே கோடுகள் நெருக்கமாக இருந்தன. டேட்டாபேஸைச் சுற்றியும் அப்படித்தான். ஆனால் நெட்வொர்க்கிலிருந்து நிரலுக்கு இரண்டே கோடுகள், டேட்டாபேஸிலிருந்து நிரலுக்கு ஒரே ஒரு கோடு. கோடு குறைவாக உள்ள இடம்தான் வெட்டும் இடம். வெட்டினால் அங்கே எத்தனை கோடோ அத்தனை பாராமீட்டர்.

இன்னொரு கணக்கும் உண்டு. எது அடிக்கடி மாறும், எது மாறாது? அவளுடைய நிரல் ஒரு நாளில் பத்துத் தடவை மாறும். நெட்வொர்க் மாதத்துக்கு ஒரு தடவை மாறினாலே அதிகம். ஒரே வேகத்தில் மாறுபவற்றை ஒரே ஸ்டேக்கில் வையுங்கள் என்று ஏடபிள்யூஎஸ்ஸின் வழிகாட்டியும் சொல்கிறது. பெரும்பாலும் பென்சில் கோடும் இந்தக் கணக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டும். இரண்டும் முரண்பட்டால் நான் வேகத்தின் பக்கம் நிற்பேன், ஏனென்றால் தினமும் காத்திருப்பது மனிதர்கள்.

வெட்டிய பிறகுதான் சுவையான ஒரு விஷயம் தெரிந்தது. டேட்டாபேஸின் முகவரி நிரலுக்கு வெறும் எழுத்துத் தொடர்தான். ஜிப் கோப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு அங்கே ஏதாவது ஒரு பொய் முகவரியைக் கொடுத்தாலும் ஸ்டேக் எழுந்துவிடும், டேட்டாபேஸே வேண்டாம். பீப்பாய்த் தண்ணீர் போல. ஆனால் நெட்வொர்க்கின் அடையாள எண்ணில் அப்படிப் பொய் சொல்ல முடியாது. நிரலை அந்த நெட்வொர்க்குக்குள் வைக்கும்போது அப்படி ஒன்று உண்டா என்று ஏடபிள்யூஎஸ் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு பாராமீட்டருக்கும் "இதைக் கிளவுட் சரிபார்க்குமா, சும்மா வாங்கி வைத்துக்கொள்ளுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சரிபார்க்கும் என்றால் உண்மையான பொருள் வேண்டும். இல்லை என்றால் பீப்பாய் போதும்.

நெட்வொர்க்கை ஒரு தடவை எழுப்பி அப்படியே நிற்கவிட்டோம். நிரல் ஸ்டேக்கை மட்டும் ஏற்ற இரண்டு மூன்று நிமிடம். மத்தியானத்துக்குள் அவள் நான்கு தப்புகளைத் திருத்திவிட்டாள்.

இதுவரை: பெயர்கள் குறைவாகக் கடக்கும் இடத்தில் வெட்டு. கடக்கும் பெயர்களைப் பாராமீட்டராக்கு. மெதுவானதை நிற்கவிட்டு, வேகமானதை மட்டும் திரும்பத் திரும்ப ஏற்று.

ஏற்றாமலே பார்க்கக்கூடியவை

துண்டாக ஏற்றுவதற்கும் முன்னால் இலவசமாகக் கிடைக்கும் சல்லடைகள் உண்டு. சிஎஃப்என்-லின்ட் என்ற கருவி டெம்ப்ளேட்டைப் படித்து எழுத்துப் பிழை, இல்லாத பெயர், தவறான மதிப்பு இவற்றைச் சில விநாடியில் காட்டும். டெராஃபார்மின் பிளான் கட்டளை என்ன மாறப்போகிறது என்பதை முன்கூட்டியே பட்டியலிடும், கிளவுட்ஃபார்மேஷனில் அதே வேலைக்குச் சேஞ்ச் செட். இவை ஏற்றம் வெற்றி பெறும் என்று உறுதி தருவதில்லை. அந்தப் பிள்ளையின் ஜிப் கோப்புப் பிழையைச் சிஎஃப்என்-லின்ட் கண்டிருக்காது, ஏனென்றால் அது கோப்பைத் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. இருந்தாலும் முதலில் இதில் சலித்துவிட்டு வாருங்கள்.

டெராஃபார்மின் குறுக்குவழி

டெராஃபார்ம் பயன்படுத்துபவர்கள் உடனே கேட்பார்கள்: "அண்ணே, அதில் டார்கெட் இருக்கே, ஒரு ரிசோர்ஸை மட்டும் சொல்லி ஏற்றலாமே?" இருக்கிறது. சொன்ன ரிசோர்ஸையும் அது சார்ந்திருப்பவற்றையும் மட்டும் ஏற்றும். ஆனால் அதைச் சார்ந்திருப்பவற்றைத் தொடாது. சிக்கல் அங்கேதான்.

டெராஃபார்ம் தான் கட்டியதையெல்லாம் ஸ்டேட் என்ற கோப்பில் குறித்துவைக்கும், தோட்டத்து ஆள்கணக்குப் பதிவேடான செக்ரோல் போல. டார்கெட்டை அடிக்கடி பயன்படுத்தினால், எழுதிய கோப்பு ஒன்று சொல்லும், கிளவுடில் நிற்பது வேறொன்றாக இருக்கும். சில வாரம் கழித்து யாராவது முழுசாக ஏற்றும்போது, யாரும் எதிர்பார்க்காத மாற்றங்கள் ஒன்றாக வந்து விழும். தவறிலிருந்து மீள்வது போன்ற அபூர்வ நேரத்துக்கு மட்டும் என்று டெராஃபார்மே எச்சரிக்கிறது. அன்றாடச் சோதனைக்குக் கோப்பையே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டேட் வைப்பதுதான் நேர்வழி.

எங்களைப் போன்ற ஊர்களுக்கு இதில் இன்னொரு வித்தியாசமும் முக்கியம். கிளவுட்ஃபார்மேஷனின் வேலை ஏடபிள்யூஎஸ்ஸின் பக்கத்தில் நடக்கிறது. சாயங்கால மழையில் இங்கே இணையம் போனாலும் அது பாட்டுக்கு நடக்கும். டெராஃபார்மை உங்கள் மடிக்கணினியிலிருந்து ஓட்டினால், நடுவில் லைன் போனால் வேலையும் நடுவில் நிற்கும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் மாற்றாமல் காக்கும் ஸ்டேட்டின் பூட்டும் திறக்காமல் மாட்டிக்கொள்ளலாம். துண்டு சிறிதாக இருந்தால் அந்த ஆபத்தான நேரமும் சிறிது.

துண்டு சொல்லாத செய்தி

இதை நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் வேகம் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான். ஒரு குழாய் ஒழுகவில்லை என்றால் அந்தக் குழாய் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். மேட்டுத் தொட்டியோடு மாட்டும்போது அழுத்தம் தாங்குமா என்பது வேறு கேள்வி. பொய் முகவரியில் எழுந்த நிரலுக்கு உண்மையான டேட்டாபேஸைத் தொட அனுமதி இருக்கிறதா, நெட்வொர்க்கின் பாதுகாப்பு விதி வழிவிடுமா, இவை எல்லாம் இணைப்பில் மட்டும்தான் தெரியும்.

அதனால் முழு டெம்ப்ளேட்டையும் வெறும் தரையிலிருந்து எழுப்பிப் பார்ப்பதை விடக்கூடாது. அதை மனிதர் உட்கார்ந்து காத்திருக்காத நேரத்துக்கு, ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள்.

பெயர் மோதலும் ஒரு தொல்லை. இரண்டு பேர் ஒரே டெம்ப்ளேட்டைச் சோதிக்கும்போது, ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்புச் சேவையான எஸ்3இல் ஒரு சேமிப்பிடத்துக்கு நீங்களே ஒரு பெயர் எழுதிவைத்திருந்தால் இரண்டாவது ஆளுக்கு ஏறாது. வழக்கமான எஸ்3 பெயர் உங்கள் கணக்கில் மட்டுமல்ல, மற்றவர்கள் கணக்குகளிலும் இருக்கக்கூடாது. பெயரை எழுதாமல் விட்டால் கிளவுட்ஃபார்மேஷனே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். வரைபடம் ஒன்று, வீடு பல என்று சொன்னேனே, வீட்டு எண்ணை வரைபடத்திலேயே எழுதிவிட்டால் இரண்டாவது வீடு கட்ட முடியாது.

சோதித்த பிறகு அழிப்பது

துண்டுகள் பெருகும்போது மறந்துபோன ஸ்டேக்குகளும் பெருகும். கையில் காசு குறைவாக உள்ள மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாட் கேட்வே வழியாக ஒரு பைட்கூடப் போகாவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். டேட்டாபேஸும் நிற்கும் நேரத்துக்குக் காசு கேட்கும். "நெட்வொர்க்கை நிற்கவிட்டோம்" என்று மேலே சொன்னேன். அவள் நெட்வொர்க்கில் நாட் கேட்வேயைத் தனி ஸ்டேக்காக எடுத்துவிட்டோம், அதனால்தான் தைரியமாக நிற்கவிட்டோம். வெறும் நெட்வொர்க்குக்குக் கட்டணம் இல்லை.

அழிக்கும் வரிசை எழுப்பிய வரிசைக்குத் தலைகீழ்: நிரல், டேட்டாபேஸ், கடைசியில் நெட்வொர்க். ஒரு ஸ்டேக்கின் அவுட்புட்டை எக்ஸ்போர்ட் என்று அறிவித்து இன்னொன்று அதை இறக்குமதி செய்திருந்தால், வாங்கியவர் இருக்கும்வரை கொடுத்தவரை அழிக்கக் கிளவுட்ஃபார்மேஷன் விடாது. உண்மையான செயலிக்கு இது நல்ல காவல், சோதனைக்குத்தான் கொஞ்சம் இறுக்கம். சோதனையில் நாங்கள் மதிப்பைக் கையால் பாராமீட்டராகவே கொடுக்கிறோம்.

இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். சேமிப்பிடத்துக்குள் ஒரு கோப்பு இருந்தாலும் அது அழியாது, ஸ்டேக் அழிப்பும் தோற்று நிற்கும், முதலில் காலி செய்ய வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் எழுப்பிய டேட்டாபேஸ் உள்ள ஸ்டேக்கை அழித்தால், வேறு மாதிரி சொல்லாவிட்டால், கிளவுட்ஃபார்மேஷன் அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் அழிக்கும். ஸ்டேக் பட்டியல் காலியாகத் தெரியும், பிரதி மட்டும் தனியே உட்கார்ந்திருக்கும். சோதனை டெம்ப்ளேட்டில் டேட்டாபேஸின் டெலிஷன் பாலிசி என்ற இடத்தில் டெலீட் என்று எழுதிவிட்டால் பிரதி எடுக்காது. அந்த வரி உண்மையான செயலியின் டெம்ப்ளேட்டுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே அந்தப் பிரதிதான் சிறு தோட்டக்காரர்களின் எடைக் கணக்கைக் காப்பாற்றும்.